மாரி பெயரில் என் ஈ.சி.ஜி.

எங்கள் கம்பெனியில் பயிற்சி முடிந்து நிரந்தரம் ஆவதற்குக் கடைசியாக ஒரு மெடிக்கல் உண்டு. அதை நாங்கள் யாரும் ஒழுங்காகக் கொடுத்ததில்லை. ரத்தம் குறைந்தவளுக்கு ரத்தம் உள்ளவள் போவாள், கண் மங்கியவளுக்கு நல்ல கண்காரி போவாள். செல்போன் போர்டு செய்கிற இடம், தொப்பியும் மாஸ்க்கும் போட்டுவிட்டால் கண் மட்டும்தான் வெளியே தெரியும். என் லைனில் இருந்த வேல்விழிக்காக நானே ஒரு தடவை ரத்தப் பரிசோதனைக்குப் போயிருக்கிறேன். இது தப்பு என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

இது இரண்டாயிரத்து எட்டில் நடந்தது. சுங்குவார்சத்திரத்தில் நானும் சந்தனமாரியும் ஒரே ரூம். அவள் சங்கரன்கோயில் பக்கம், நான் புளியங்குடி. ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் படுத்தாள், ஐந்தாம் நாள் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டாள். அதற்கு மேல் லீவு போட்டால் பயிற்சியை இன்னும் மூன்று மாசம் நீட்டிவிடுவார்கள்.

காய்ச்சல் விட்டதே தவிர ஆள் தேறவில்லை. ரூம் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தபடி தூங்கினாள்.

"ஏட்டி உலகு, மெடிக்கலுக்கு எனக்குப் பதிலா நீ போயிட்டு வா. இந்தப் படபடப்போட போயிப் படுத்தா அன்ஃபிட்டுன்னு எழுதிருவாவ."

"காய்ச்சல் அலுப்புதான, ஒரு வாரத்துல சரியாப் போவும்" என்றேன். பெரிய டாக்டர் மாதிரி.

காலை வரிசையில் உலகம்மாளாகப் போனேன். மதியம் நர்ஸ் மாறியதும் சந்தனமாரியின் கார்டை மாட்டிக்கொண்டு போனேன். நர்ஸ் சசிகலா அக்கா கார்டு நம்பரை மட்டும் பார்த்தார். "சளியாமா? மாஸ்க்க எடுக்காத, அப்டியே படு" என்று மார்பில் வயர்களை ஒட்டினார். இரண்டே நிமிஷம். வெளியே வந்து மாரியிடம் "பாஸ்" என்று கட்டைவிரலைக் காட்டினேன். அவள் சிரித்தாள்.

இரண்டு நாள் கழித்து, காலை ஷிப்டில், மாரி லைனிலேயே சரிந்தாள். சூப்பர்வைசர் தணிகாசலம் பதறிப்போனார். "இன்னாமா ஆச்சு? உலகம்மா, நீ கூட போ" என்று எங்களை ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்கு அனுப்பினார்.

அன்றைக்குக் கம்பெனி டாக்டர் ராஜாமணி வரும் நாள். நாடி பார்த்தார், வேகமாக ஓடுகிறது என்றார். பிறகு ஃபைலை எடுத்தார். "முந்தாநாள் எடுத்த ஈ.சி.ஜி. சுத்தமா இருக்கு. இருபத்திரண்டு வயசுப் பொண்ணு. காலையில சாப்பிட்டியாமா?"

"இல்ல சார்" என்றாள் மாரி.

"அதான். கேஸ், பலவீனம். மாத்திரை தரேன். அரைமணி நேரம் படுத்துட்டு லைனுக்குப் போகலாம்."

"ஆமா சார், ஈ.சி.ஜி. நல்லா கீது, நான்தான் எடுத்தேன்" என்றார் சசிகலா அக்கா.

டாக்டரைக் குற்றம் சொல்ல முடியாது. காகிதம் அவரிடம் அப்படித்தான் சொன்னது. மாரியின் உதடு வெளுத்திருந்தது. பாதம் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் போகாமல் நின்றது. அவள் என் கையை நெரித்து, சொல்லிராத என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

நான் உடனே சொல்லிவிடவில்லை. அவளுக்காக யோசித்தேன் என்றால் அது புளுகு. இருவர் பெயரும் நிரந்தரம் ஆகிறவர்கள் லிஸ்டிலிருந்து போகும் என்று யோசித்தேன், அதில் என் பெயரைத்தான் அதிகமாக யோசித்தேன். மாத்திரையை முழுங்கியவள் இருமி, மூச்சுக்குத் தவித்து எழுந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"சார், அந்த ஈ.சி.ஜி. அவளோடது இல்ல. என்னோடது."

சசிகலா அக்கா என்னை அடிக்காத குறைதான். டாக்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. வயர்களை மாரிக்குத் தாமே ஒட்டினார். காகிதம் வர வர அவர் முகம் மாறியது. "ஆம்புலன்ஸ்" என்றார்.

தண்டலம் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் மாரடைப்போ என்று சந்தேகப்பட்டார்கள். ரத்தத்தில் இதயம் அடிபட்டதற்கான அடையாளம் இருந்தது. குழாய் விட்டுப் பார்த்தால் எங்கேயும் அடைப்பு இல்லை. எக்கோ எடுத்த டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "சமீபத்துல காய்ச்சல் வந்துச்சா?" என்று கேட்டார். வந்தது என்றேன்.

"அந்தக் கிருமி இதயத் தசையில இறங்கியிருக்கு. தசை வீங்கிப்போச்சு. பாதி பலத்துலதான் ரத்தத்தைத் தள்ளுது. இந்த நேரத்துல ஓய்வுதான் முதல் மருந்து. நின்னு வேலை செஞ்சா, துடிப்பு தாறுமாறாகி அப்படியே நின்னு போகவும் வாய்ப்பு இருக்கு."

"சரியாயிருமா மேடம்?"

"நிறையப் பேருக்கு ஆகும். சிலருக்குப் பலவீனம் அப்படியே தங்கிடும். இப்ப சொல்ல முடியாது. ஆறு மாசம் பாரம் தூக்கக் கூடாது, ஓடக் கூடாது." பிறகு ஃபைலில் எழுதிக்கொண்டே, "ரெண்டு நாள் முன்னாடி ஒரு ஈ.சி.ஜி. எடுத்திருந்தா அன்னைக்கே பிடிச்சிருக்கலாம்" என்றார்.

அதை அவர் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவருக்கு எதுவுமே தெரியாது.

இருவர் பெயரும் லிஸ்டிலிருந்து போனது. மறுநாள் காலையில் மாரியின் அம்மா அன்னக்கிளி ஊரிலிருந்து வந்து இறங்கினார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ வாயத் தொறக்கலேன்னா எம் புள்ள போயிருப்பா தாயி. உன் குலம் நல்லா இருக்கும்."

அந்த வாழ்த்தை என்னால் தாங்க முடியவில்லை. "அத்த, அவளுக்குப் பதிலா போயிப் படுத்தது நான்தான். நான் போகலேன்னா மெடிக்கல் அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பாவ" என்றேன். திட்டுவார் என்று நின்றேன், திட்டட்டும் என்றும் இருந்தது.

அவர் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே மாரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"உன் நெஞ்சு நல்லாருக்குன்னு வந்துச்சா தாயி அதுல?"

"வந்துச்சு அத்த" என்று சொல்ல எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.