அமுக்கு, புடி, விடு

எங்கள் கல்யாணத்துக்கு ரமீஸாவின் வாப்பா அமானுல்லா ஒரு கார் கொடுத்தார். எனக்கில்லை, மகளுக்கு. எல்லாரும் பிரியாணிக்கு உட்கார்ந்த நேரத்தில் சாவியை அவள் கையில் வைத்து, "மாப்ளைய நம்பி இத ஓட்டாதம்மா" என்றார். ஐம்பது வயசு தாண்டிய இங்கிலீஷ் வண்டி. பச்சை நிறம், இரண்டே சீட், கூரை கிடையாது. சோழவரத்தில் கார் பந்தயம் நடந்துவந்த நாட்களில் யாரிடமோ வாங்கி, பழவேற்காட்டில் தன் இறால் ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்.

ஓட்டுவது அவள்தான். பொன்னேரியில் கணக்கு டீச்சர். வகுப்பில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லையாம். அதே ஆள் மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ரேஸ் டிராக்கில், முக்காட்டை ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு அந்த வண்டியை விரட்டுவாள். போட்டி இல்லை. டிராக் டே என்பார்கள். சொந்த வண்டியைக் கொண்டுபோய் ஆசை தீர ஓட்டிவிட்டு வரலாம்.

நான் ரிஜ்வான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரிகளுக்கு பிரேக் லைனிங் செய்யும் கம்பெனியில், சோதனைக்கூடத்தில் வேலை. வேகமாக ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு: ஓடுவது அவள் பாடு, நிற்பது என் பாடு. பிரேக்கை அவள் ஒரு நாளும் சரிபார்த்ததில்லை. நான் பார்த்துவிட்டேன் என்று சொன்னால் போதும், ஏறி உட்கார்ந்துவிடுவாள். இந்த உலகத்தில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான்.

டிராக்குக்கு வருகிறவர்களில் சிலர் சிவப்புப் பெயின்ட் அடித்த பெரிய பிரேக்காக மாட்டிக்கொண்டு வருவார்கள். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வண்டியை நிறுத்துவது பெயின்ட்டா? நான் செய்ததெல்லாம் கைக்கு அடக்கமான வேலை. பிரேக் பேடில் இருந்த பழைய லைனிங்கைச் சுரண்டிவிட்டு, சூடு தாங்கும் லைனிங் ஒட்டினேன். ஆயில் போகிற ரப்பர் ஹோஸ் உப்பிப்போயிருந்தது, அதற்குப் பதில் எஃகுப் பின்னல் போட்ட ஹோஸ். பழவேற்காட்டில் எங்கள் வீட்டுக்குக் கிச்சன் சிம்னி மாட்ட வந்தவர் விட்டுப்போன குழாயை வெட்டி, முன்சக்கரங்களுக்குக் காற்று போக வழி செய்தேன். பாக்கி, நல்ல பிரேக் ஆயில்.

ஆயில் மாற்ற இரண்டு பேர் வேண்டும். நான் ஸ்பேனரோடு சக்கரத்தடியில் படுத்திருப்பேன், அவள் சீட்டில். "அமுக்கு" என்றால் பெடலை அமுக்குவாள். "புடி" என்றால் அப்படியே பிடித்திருப்பாள். நான் நட்டைத் திறந்து, காற்றோடு பழைய ஆயில் வெளியேறியதும் மூடிவிட்டு, "விடு" என்பேன். நாலு சக்கரம், சக்கரத்துக்கு இருபது தடவை. நடுவில் "புடிச்சிருக்கியா?" என்று கேட்டால், "புடிச்சிருக்கு. ஊட்ல வந்து வாப்பாகிட்ட பேசுங்க" என்று மேலிருந்து பதில் வரும். ஏழு வருஷத்துப் பழைய ஜோக். இன்னும் சிரிக்கிறோம்.

போன முறை கடைசிச் சக்கரம் பாக்கி இருக்கும்போது புது பாட்டில் தீர்ந்துவிட்டது. கிச்சன் ஷெல்ஃபில் முன்பு மிச்சமான அரை பாட்டில் இருந்தது. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. எங்களுடையது வியாபாரக் குடும்பம், மிச்சத்தைக் கொட்டிவிட எங்களுக்குக் கை வராது. அவளிடம் சொல்லாமல் அதையே ஊற்றினேன்.

அந்த ஞாயிறு, ஐந்தாவது சுற்று. நீண்ட நேர்ப்பாதை முடிகிற இடத்தில் ஒரு வளைவு. வளைவுக்கு எவ்வளவு தூரம் என்று காட்ட இருநூறு, நூற்றைம்பது, நூறு என்று மீட்டர் பலகைகள் உண்டு. மற்றவர்கள் நூற்றைம்பதிலேயே பிரேக் மிதிப்பார்கள். ரமீஸா நூறில்தான் மிதிப்பாள். அன்றும் நூறில் பிரேக் லைட் எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. வண்டி வளையவில்லை. நேராக மணலுக்குள் போய்ப் புழுதிக்குள் மறைந்தது. யா அல்லாஹ் என்று கத்தினேனா, நினைத்தேனா, இன்றும் தெரியாது.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டியை இழுத்து வந்தார்கள். இறங்கியவள் நேராக என்னிடம் வந்தாள்.

"பெடலு பஞ்சு மாரி உள்ள பூட்ச்சு மச்சான். பம்ப் பண்ணேன், கொஞ்சந்தான் புட்ச்சிது."

சாம்சன் பக்கத்தில் வந்து நின்றார். செவ்வாப்பேட்டைக்காரர், எங்களைப் போலவே பழைய வண்டியோடு வருகிறவர். "பழைய வண்டிம்மா, அப்டி இப்டித்தான் இருக்கும்" என்றார். தலையாட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். ஆட்டப் பார்த்தேன், முடியவில்லை.

"வண்டி மேல தப்பில்ல. நான்தான்" என்று அரை பாட்டில் விஷயத்தைச் சொன்னேன்.

"கிச்சன் ஷெல்ஃப்லயா? உப்பு ஜாடிகிட்டயா?"

"ஆமா."

"நம்ம ஊட்ல உப்பு நீர்த்துப் போவுதுன்னு அரிசி போட்டு வெச்சிக்கினு கீறேன். தொறந்த ஆயிலு மட்டும் நீர்க்காதா?"

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகும். ஆவியை மிதித்தால் அமுங்குமே தவிர பிரேக் பிடிக்காது. கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைப் பாடமாக நடத்துவது நான். திறந்த பாட்டிலைத் திரும்பத் தொடாதே என்று சோதனைக்கூடச் சுவரில் எழுதி ஒட்டியதும் நானேதான்.

அவள் திரும்பி நடந்து போய் நிழலில் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் இனி வண்டியே ஓட்டமாட்டேன் என்றாலும் பொறுத்துக்கொள்வேன். இனி என் பேச்சை நம்பி ஏறமாட்டாளோ என்பதுதான் என் பயம்.

சாம்சன் சீல் உடைக்காத இரண்டு பாட்டில் கொண்டு வந்தார். "பிரேக் கம்பெனிக்காரருக்கு நான் ஆயிலு குடுக்க வேண்டியதா பூட்ச்சே" என்று சிரித்தார். சிரிக்க வேண்டியதுதான். சக்கரங்கள் ஆற ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் கீழே படுத்தேன். பெடலுக்கு சாம்சன் ஏறப் போனார்.

"நவுருங்கண்ணே, அது என் பெடலு" என்று ரமீஸா எழுந்து வந்தாள்.

"அமுக்கு" என்றேன்.

"ம்."

"புடிச்சிருக்கியா?"

"ம்."

நாலு சக்கரத்துக்கும் அந்த 'ம்' மட்டும்தான். கடைசியில், "கெட்டியா கீது" என்றாள். அவ்வளவுதான்.

"போதும் ரமீஸா, ஊட்டுக்குப் போலாம்."

"இன்னும் ஒரு செஷன் கீது. ஹெல்மெட் போடுங்க."

"நானா?"

"பக்கத்து சீட்டு சும்மாதான கெடக்கு?"

ரோட்டில் உட்காருவேன்; டிராக்கில் மட்டும் ஏழு வருஷமாக ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்து வந்த சீட் அது. அன்று சாக்குச் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஏறி, பெல்ட்டை இழுத்துக் கட்டிக்கொண்டேன்.

முதல் சுற்றில் இருநூறு பலகையிலேயே பிரேக் மிதித்தாள். இரண்டாவதிலும் இருநூறு. மூன்றாவதிலும் அதேதான். அந்தப் பலகை வரும்போதெல்லாம் யாரோ என்னைக் கன்னத்தில் அறைவது போல் இருந்தது. போயிற்று, இனி என் பிரேக்கை நம்பமாட்டாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

நாலாவது சுற்று. இருநூறு போனது. நூற்றைம்பதும் போனது. அவள் கால் அசையவில்லை.

"பிரேக்கு! ரமீஸா, பிரேக்கு!" என்று அலறினேன். என் இரண்டு காலும் தரையை மிதித்துக்கொண்டிருந்தன. நூறில் மிதித்தாள். பெல்ட் தோளை அறுத்தது. வண்டி சொன்ன பேச்சு கேட்டு அடங்கி, வளைவில் திரும்பியது.

டிராக்கை விட்டு வெளியே வந்து நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினாள். கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மச்சான், அந்தக் கத்து கத்துறீங்க?"

"பின்ன? மொத மூணு ரவுண்டும் இருநூறுல மிதிச்சியே, எம்மேல நம்பிக்க பூட்ச்சின்னு நெனச்சிட்டேன்."

"பேடு சூடாவணும்ல? ஆறிப்போன பேட நம்பி நூறு வரைக்கும் போவாதன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

உண்மைதான். பயத்தில் எனக்கே மறந்துவிட்டிருந்தது.

"அப்ப எம்மேல கோவம் இல்லியா?"

"நெறைய கீது. அது தனிக் கணக்கு. வண்டில ஏறுங்க, சொல்றேன்."

சொன்னாள். திருவள்ளூரில் ஆரம்பித்த திட்டு பழவேற்காடு வரை ஓயவில்லை. அரை பாட்டிலில் தொடங்கி, என் கஞ்சத்தனம், என் மறதி, என் உம்மா வீட்டு ஆட்கள் வரை ஒன்றையும் விடவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.