சபைக்குக் காவல் நின்ற கதை

முப்பத்தொரு வருஷம் நான் வீடு வீடாகப் போய்க் குளிர்காலக் கணப்புக்கு எரிவாயு நிரப்பும் லாரி ஓட்டினேன். எங்கள் ஊர் கார்வர் க்ரீக்கில் எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் குரைப்பதோடு சரி என்று எனக்கு அத்துப்படி. டிசம்பர் குளிரில் ஒரு வீட்டுப் புகைபோக்கியில் புகை இல்லையென்றால் லாரியை நிறுத்திக் கதவைத் தட்டிப் பார்ப்பேன். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் சபையில் வாசலில் நின்று வரவேற்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். வருகிறவர்களைக் கட்டிப்பிடித்து, சட்டைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாய் எடுத்துக் கொடுப்பேன். அது எனக்கு நன்றாக வந்தது.

போன வசந்தத்தில், வேறு மாநிலத்தில் ஒரு ஆலயத்துக்குள் எவனோ புகுந்து சுட்டதாகச் செய்தி வந்தது. மறு வாரமே மூப்பர்கள் கூடி, சபைக்குக் காவல் குழு வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கர்டிஸ் பொஹானன் தலைவன். மாவட்டச் சிறையில் இருபது வருஷம் வேலை பார்த்தவன். அவனுக்கு அடுத்து லானி, டயர் கடைக்காரன். மூன்றாவது நான், வெண்டெல் ஸ்ட்ரௌட், அறுபத்திரண்டு வயது, முயல் சுட்டதோடு சரி.

ஒரு சனிக்கிழமை முழுக்கப் பயிற்சி வகுப்பு. சொல்லிக்கொடுத்தவன் ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னான். "மூஞ்சியப் பாக்காதீங்க. மூஞ்சி பொய் சொல்லும். கையப் பாருங்க."

ஒரு கைத்துப்பாக்கியும், இடுப்புக்குள் செருகும் தோல் உறையும், அதை மறைக்க ஒரு அளவு பெரிய சட்டைகளும் வாங்கினேன். முதல் வாரம் அது இடுப்பெலும்பில் உரசிப் புண்ணாக்கியது. குனிந்தால் வெளியே தெரியுமோ என்று ஷூ கயிறு அவிழ்ந்தால்கூட ஒரு காலை நாற்காலியில் தூக்கி வைத்துத்தான் கட்டினேன். கட்டிப்பிடிப்பதை நிறுத்தினேன், கை பட்டால் தெரிந்துவிடும். பெப்பர்மிண்ட் கொடுப்பதும் நின்றது, வலது கை சும்மா இருக்க வேண்டுமே.

கண்தான் முதலில் மாறியது. மளிகைக் கடையில் எனக்கு முன்னால் நிற்பவன் பாக்கெட்டில் கை விட்டால் என் நெஞ்சு ஒரு தட்டுத் தட்டும். பெட்ரோல் போடும்போது இரண்டு பக்கமும் பார்ப்பேன். வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடப் போகும் கடையில் கதவைப் பார்த்த நாற்காலி எனக்கு வேண்டும் என்று நின்றேன்.

என் மனைவி நேடீன் இடத்தை விட்டு எழவில்லை. "முப்பத்தெட்டு வருஷமா இந்த நாற்காலி என்னோடது. திடீர்னு உனக்கு என்னப்பா?"

"கதவு தெரியணும் நேடீன்."

"கதவு எங்கயும் போகாது. மீன் ஆறிப்போகுது, தின்னு."

எங்களோடு சாப்பிட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் வெட்கத்தை விட்டு ஒன்று சொல்ல வேண்டும்: எனக்கு அது பிடித்திருந்தது. ஓய்வு பெற்ற கிழவனை யார் கண்டுகொள்கிறார்கள்? இடுப்பில் அந்தக் கனம் இருந்தபோது இந்த ஊருக்கு நான் மறுபடி தேவைப்படுகிறேன் என்று தோன்றியது. சாவகாசமாக மளிகைக் கடையில் நிற்கும் ஜனங்களைப் பார்க்கும்போது, பாவம், இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பேன். ஏதாவது நடக்காதா என்றுகூட ஒரு நாள் நினைத்திருக்கிறேன்.

இனி ஆர்டித் டீச்சர். எழுபத்தைந்து வயது. நாலாம் வகுப்பில் எனக்கும் லானிக்கும் கர்டிஸுக்கும் பாடம் எடுத்தவர். நாற்பது வருஷமாக சபையில் பியானோ வாசிப்பவர். என் கல்யாணத்துக்கும் அவர்தான் வாசித்தார். அவர் குடியிருந்த வாடகை வீட்டை உரிமையாளரின் மகன்கள் அந்த வருஷம் விற்றுவிட்டார்கள். பக்கத்து ஊரில் ஒரு சின்ன வீட்டுக்குப் போய்விட்டதாக டீச்சர் எங்களிடம் சொன்னார். நாங்களும் நல்லது என்று விட்டுவிட்டோம்.

அவருடைய சாம்பல் நிறக் காரை நான் துல்லியமாகக் கவனித்திருந்தேன். ஞாயிறு காலை யாரும் வருமுன் ஏழு மணிக்கே நிற்கும். பின் சீட்டில் கூரை வரைக்கும் சாமான். பக்கக் கண்ணாடிகளில் உள்பக்கம் துண்டு தொங்கும். வண்டி நிறுத்துமிடத்துப் பட்டியலில் அதையும் குறித்து, "ஆர்டித் டீச்சர் வண்டி, பிரச்சினை இல்லை" என்று எழுதியிருந்தேன். லாரி ஓட்டிய காலத்து வெண்டெல் அந்தக் கண்ணாடியைப் பார்த்திருந்தால் இறங்கிப் போய்த் தட்டியிருப்பான்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. பாட்டுகள் முடிந்து பாஸ்டர் பிரசங்கத்தைத் தொடங்கியிருந்தார். அவர் தொடங்கினால் நாற்பது நிமிஷம் நிச்சயம். நான் வழக்கம்போல் சுற்றிவரப் போனேன். ஆலயத்துக்குப் பின்னால் ஒரு பழைய கூடம் உண்டு, வாலிபர் முகாம் நடத்திய காலத்தில் கட்டியது. இப்போது அங்கே மடக்கு நாற்காலிகள் மட்டும் கிடக்கும். அதன் பக்கக் கதவு சாத்தாமல், இடுக்கில் ஒரு ஆராதனைத் தாள் மடித்துச் செருகியிருந்தது. உள்ளே போனேன். இருட்டு. கடைசியில் இருந்த ஒரு கதவுக்கு அடியில் வெளிச்சம். உள்ளே ஏதோ கனமாகத் தரையில் விழுந்த சத்தம். கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது.

அந்த நேரத்தில் நான் என்ன யோசித்தேன் என்று நேடீன் பிறகு கேட்டாள். ஒன்றும் யோசிக்கவில்லை. வகுப்பில் சொன்னது மட்டும் காதில் ஓடியது. வாக்கி டாக்கியில் கிசுகிசுத்தேன். "கர்டிஸ், பழைய கூடம். உள்ள யாரோ இருக்கான். பூட்டிக்கிட்டு இருக்கான்."

கர்டிஸும் லானியும் ஓடி வந்தார்கள். கர்டிஸ் சுவரோடு ஒட்டி நின்று கதவைக் குத்தினான்.

"யாரு உள்ள? கைய மேல தூக்கிட்டு வெளிய வா!"

உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது, அது நின்றதால். துணி அவசரமாகச் சரசரத்தது. பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது. என் கை என்னைக் கேட்காமலே சட்டையை விலக்கித் துப்பாக்கியை வெளியே எடுத்துவிட்டது. கர்டிஸ் எடுக்கவில்லை. சிறையில் இருபது வருஷம் வேலை பார்த்தவன், தன் துப்பாக்கியில் கை வைக்கக்கூட இல்லை. லானியும் எடுக்கவில்லை. நான் மட்டும்தான்.

கதவு திறந்தது. ஆர்டித் டீச்சர் இரண்டு கையையும் தூக்கியபடி நின்றார். தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. சட்டைப் பொத்தான்களை அவசரத்தில் மாற்றிப் போட்டிருந்தார். தூக்கிய கையில் துவைத்த காலுறை ஒன்று. அதிலிருந்து தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து சட்டைக்குள் இறங்கியது. அப்படியும் அவர் கையைக் கீழே போடவில்லை. பின்னால், குளியல் குழாய் இருந்த சுவரோரம், ஒரு பெட்டி விழுந்து திறந்து கிடந்தது. ஈரத் துணிகள் நாற்காலி முதுகில் வரிசையாகத் தொங்கின.

டீச்சர் கர்டிஸைப் பார்த்தார், லானியைப் பார்த்தார், என் தொடையோரம் இருந்த கையைப் பார்த்தார்.

"வெண்டெல், அதுல குண்டு இருக்கா?"

"இருக்கு டீச்சர்."

"அப்ப உள்ள வை."

வைக்க முடியவில்லை. பெரிய சட்டையின் ஓரம் உறைக்குள் மாட்டிக்கொண்டது. நான் தடவிக்கொண்டே இருந்தேன். அவ்வளவு நேரமும் டீச்சர் கையைத் தூக்கியபடியே நின்றார். கடைசியில் கர்டிஸ்தான் என் சட்டையை இழுத்துப் பிடித்தான், சின்னப் பையனுக்கு உடுத்திவிடுவது போல.

"கைய எறக்குங்க டீச்சர்" என்றான் கர்டிஸ்.

"மணி என்னடா ஆச்சு?"

"பதினொண்ணே முக்கால்."

"முடிவுப் பாட்டுக்கு நான் போகணும். மூணு பேரும் அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினோம். சுவரைப் பார்த்து வரிசையாக நின்றோம், நாலாம் வகுப்பில் நின்றதைப் போலவே. அவர் தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். முடிவுப் பாட்டை வாசித்தார். ஒரு சுரம் பிசகவில்லை. நான் வாசலில் நின்று ஜனங்கள் வெளியே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டார்.

வண்டிகள் எல்லாம் போன பிறகு நாங்கள் மூன்று பேரும் கர்டிஸின் வண்டியோரம் நின்றோம். நடந்த எதையும் அறிக்கையாக எழுதிப் பாஸ்டரிடம் கொடுப்பது குழுவின் விதி.

"எழுதப் போறியா?" என்று கேட்டேன்.

"என்னன்னு எழுதச் சொல்ற? மூணு தடிமாடுங்க சேந்து, டீச்சர் குளிக்கறதப் புடிச்சோம்னா?" கர்டிஸ் எச்சிலைத் துப்பினான். "நீ எதுக்குடா எடுத்த வெண்டெல்?"

லானி தரையைப் பார்த்தபடி, "அவன் எடத்துல நான் இருந்திருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும்" என்றான். எனக்காகச் சொன்னான். அது உண்மை இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

அடுத்த ஞாயிறு பியானோ மூடியே இருந்தது. டீச்சருக்கு உடம்பு சரியில்லை போலும் என்று பாஸ்டர் சொன்னார். அன்று மதியம்தான் நேடீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை வைக்காமல் கேட்டாள்.

"அந்தக் காரை எத்தன நாளாப் பாத்திருக்க?"

"ரெண்டு மாசம்."

"சாமான், துண்டு எல்லாம்?"

"எல்லாம்."

"நல்லாத்தான் காவல் காத்திருக்க." அதற்கு மேல் அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "போய்த் தேடு. பின்பக்க ரூம் சும்மாத்தான கெடக்கு. அதைச் சும்மா வீட்டுலயே வச்சிட்டுப் போ" என்று என் இடுப்பைக் காட்டினாள்.

இரண்டு நாள் தேடினேன். செவ்வாய் மதியம், திருவிழா மைதானத்தில், மாட்டுக் கொட்டகை நிழலில் அந்தச் சாம்பல் நிறக் கார் நின்றது. கிட்டே போய்க் கண்ணாடியைத் தட்டினேன். உள்ளே அவர் துள்ளி எழுந்து இரண்டு கையையும் மார்புக்கு நேரே கொண்டுபோனார். பிறகு என்னை அடையாளம் கண்டு கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினார்.

"கொண்டு வரல டீச்சர்" என்றேன். முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை அதுதான் என்று ஆகிவிட்டது.

"நல்லது."

"மன்னிச்சிருங்க. எங்க வீட்டுல ஒரு ரூம் இருக்கு. நேடீன் துப்புரவு பண்ணி வச்சிட்டா. எவ்வளவு நாள் வேணா..."

"வேணாம்ப்பா."

"இப்படி வண்டியில எத்தன நாள் டீச்சர்?"

"வெண்டெல், உங்க வீட்டுல இருந்தா தினம் காலையில உன் மூஞ்சியப் பாக்கணும். எனக்கு ஒரு ரூம் குடுத்தேன்னு உனக்கு மனசு ஆறும். எனக்கு? காப்பி குடிக்கும்போதெல்லாம் அந்தக் கதவு ஞாபகம் வரும்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குத் தப்பாகப் போட்டவனுக்கு விளக்குவது போலச் சொன்னார். "எனக்கு உதவணும்னா, வண்டி கிளம்ப மாட்டேங்குது. பேட்டரி செத்துப்போச்சு. ஒயர் வச்சிருக்கியா?"

வைத்திருந்தேன். என் வண்டியைக் கிட்டே நிறுத்தி இரண்டு பேட்டரியையும் இணைத்தேன். கார் மூன்றாம் முறை இருமிக் கிளம்பியது. பின் சீட்டில் நாலாம் வகுப்புப் பாடப் புத்தகக் கட்டு ஒன்றும், சாப்பாட்டுத் தட்டு ஒன்றும் தெரிந்தன. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"ஆர்கன்சா மாநிலத்துல முதியோர் குடியிருப்புல இடம் கேட்டு எழுதியிருந்தேன். வந்திருக்கு. இன்னிக்கே போறேன்" என்றார். "சபையில கேப்பாங்க. அங்க என் அக்காவுக்கு உடம்பு சரியில்ல, பாக்கப் போயிட்டேன்னு சொல்லிரு."

"உங்களுக்கு அக்கா இருக்காங்களா?"

"இல்ல. அதான் உன்கிட்ட சொல்றேன்."

அடுத்த ஞாயிறு, ஜெப விண்ணப்பங்கள் கேட்கும் நேரத்தில் நான் எழுந்தேன். வாழ்நாளில் சபை நடுவில் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. பாஸ்டர் உருகிப்போய், "அந்தச் சகோதரியின் பெயர் என்ன, பெயர் சொல்லி ஜெபிப்போம்" என்றார். வாயில் வந்ததைச் சொன்னேன். "ஹேசல்." நூற்றுப்பத்துப் பேர் தலை குனிந்து ஹேசலுக்காக ஜெபித்தார்கள். எனக்கு முன்னால் கர்டிஸின் காது சிவந்திருந்தது. அதன் பிறகு வாராவாரம் ஜெபித்தார்கள். ஒரு கிழவி ஹேசலுக்கு என்று கம்பளிப் போர்வை பின்னத் தொடங்கினாள்.

வாக்கி டாக்கியைக் கர்டிஸிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். துப்பாக்கி அலமாரியில் பூட்டி இருக்கிறது. கண் மட்டும் அடங்கவில்லை. இன்னும் கடையில் பாக்கெட்டுக்குள் போகும் கைகளைப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு வெட்கப்படுகிறேன். பிறகு அந்தக் கைக்குரிய முகத்தை வலுக்கட்டாயமாகப் பார்க்கிறேன். சில பேர், என்ன கிழவா முறைக்கிற என்பது போலத் திருப்பிப் பார்க்கிறார்கள்.

அக்டோபரில் சபைக்கு ஒரு அட்டை வந்தது. பாஸ்டர் வாசித்தார். ஆர்டித் டீச்சர் சுகம். அங்கே ஒரு சின்ன ஆலயத்தில் வாசிக்கிறாராம். ஜெபத்துக்கு நன்றி, அக்கா தேறி வருகிறாள். ஜனங்கள் கைதட்டினார்கள். உறை மேலிருந்த முகவரியை எழுதிக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்டு நாலு கடிதம் எழுதினேன். நாலிலும் என்னைப் பற்றித்தான் அதிகம் இருந்தது. கிழித்துப் போட்டேன். கடைசியில் ஒரு துண்டுத் தாளில், உங்கள் அக்கா பெயர் ஹேசல் என்று சொல்லிவைத்திருக்கிறேன், யாராவது எழுதிக் கேட்டால் தெரிந்திருக்கட்டும், ஒரு போர்வையும் வரும் என்று எழுதி, நேடீனிடம் காட்டி, தபாலில் போட்டேன்.

எனக்குப் பதில் வரவில்லை. போர்வை போய்ச் சேர்ந்தது என்று டீச்சர் எழுதியதாக அந்தக் கிழவி சொன்னாள்.