எந்த சபை என்று கேட்டேன்

முன்பின் தெரியாதவனுக்குப் பணம் அனுப்பும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். குலசேகரத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் பிரதீஷ் சொன்னான். என் கணவர் ஆபேல் சொன்னார். பணம் அனுப்புகிற நேரத்தில் கையிலிருந்த போனே சொன்னது. கேட்கிற காது எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

விஷயம், ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின். ஆபேல் பதினோரு வருசம் பஹ்ரைனில் ஏ.சி. வேலை பார்த்தவர். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருசத்தில் அவர் எங்களோடு இருந்தது எல்லாம் சேர்த்துப் பதினாறு மாசம். எங்கள் மகள் ஜினிக்கு அப்பா என்றால் வெகுகாலம் போனுக்குள் இருந்து சிரிக்கிற ஒரு ஆள்தான். போன வருசம் அவர் லீவில் வந்தபோது நான் பிடிவாதம் பிடித்தேன். போதும், கஞ்சியைக் குடித்துக்கொண்டாவது இங்கேயே இருங்கள் என்றேன். அவரும் அதற்காகவே காத்திருந்தவர் போலத் தலையாட்டினார். என் சங்கிலியை விற்று, மூன்று வருசத்துக்கு இருநூற்றைம்பது ரப்பர் மரம் குத்தகைக்கு எடுத்தோம்.

மரம் கிடைத்தது, பால் வெட்டவும் அவருக்குத் தெரியும். மெஷின்தான் இல்லை. வெட்டின பாலை டிஷ்ஷில் ஊற்றி ஆசிட் கலந்து வைத்தால் மறுநாள் காலையில் கட்டியாகியிருக்கும். அதை அன்றைக்கே மெஷினில் கொடுத்து உருட்டித் தகடாக்க வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போனால் இறுகிவிடும், உருளைக்குள் நுழையாது. பிறகு அதற்குக் கழிவு விலைதான். பாலாகவே விற்கலாம் என்றால் பால் எடுக்கிற வண்டி எங்கள் மேட்டுக்கு ஏறாது. அதனால் பக்கத்துத் தோட்டத்துக் கிருஷ்ணமணி அண்ணன் வீட்டு மெஷினில்தான் கூலி கொடுத்து அடித்துக்கொண்டிருந்தோம். அவர் ஜனவரியில் தோட்டத்தை விற்றுவிட்டார். மாசக் கடைசியோடு மகன் வீட்டுக்கு, திருவனந்தபுரத்துக்குப் போகிறோம், மெஷினை வாங்கவும் ஆள் வந்தாயிற்று என்றார்.

ஆகவே மாசக் கடைசிக்குள் எங்களுக்கு ஒரு மெஷின் வேண்டும். கிடைத்தால் ஆபேல் இங்கே இருப்பார். கிடைக்காவிட்டால் கழிவு விலையில் குத்தகை கட்டாது, அவர் மறுபடியும் விமானம் ஏற வேண்டும். புது மெஷின் விலையை விசாரித்துவிட்டு வந்து இரண்டு பேரும் சோறு சாப்பிடாமல் படுத்தோம்.

ரப்பர் விவசாயிகளின் பேஸ்புக் குழு ஒன்றில் அந்தப் படத்தை நான்தான் பார்த்தேன். இரண்டு உருளை மெஷின்கள், ஒன்று வழவழப்பானது, இன்னொன்று தகட்டில் வரி போடுவது. கைப்பிடிப் பக்கம் லேசாகத் துரு. புதுசில் பாதி விலை. விற்கிறவன் பெயர் டெனிஷ், கேரளத்தில் பத்தனாபுரம் பக்கம்.

பிரதீஷிடம் படத்தைக் காட்டினேன். அவன் சிரிக்கக்கூட இல்லை.

"அக்கா, ஒண்ணுகில் நேர்ல போய்ப் பாருங்க. இல்லன்னா சாமான் ஒங்க முற்றத்துல எறங்கின பொறவு பைசா குடுங்க. போன் நம்பருக்கு அனுப்பினா போனது போனதுதான், கேட்டியளா? கார்டு போட்டுக் கடையில வாங்கினா ஒரு தகராறுன்னா பேங்குலயாவது கேக்கலாம். இதுக்கு ஆருகிட்ட போய்க் கேப்பிய?"

வீட்டுக்கு வந்து சொன்னேன். ஆபேல் அதையே சுருக்கமாகச் சொன்னார். "ஏட்டி, ஞாயிறாழ்ச்ச ஆராதனை கழிஞ்சு பஸ் ஏறுவோம். கண்ணால காணாம ஒத்த பைசா குடுக்காத."

"மொதல்ல ஆளு ஆருன்னு நான் கேட்டுப் பாக்கேன்," என்றேன். பத்து வார்த்தை பேசினால் ஒரு ஆளை எடைபோட்டுவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. இங்கே எல்லோருக்கும் அந்தத் திமிர் உண்டு. வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவன், பல் பிடுங்குகிற டாக்டர், கோழி விற்க வருகிறவள், யாரானாலும் எங்களுக்கு மூன்று கேள்விதான். எந்த ஊரு, எந்த சபை, ஆருக்க மோன். மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால் எப்படியாவது ஒரு சொந்தம் கிளைத்துவிடும். சொந்தம் வந்தபிறகு ரசீது கேட்பது மரியாதையில்லை.

போன் செய்தேன். குரல் பணிவாக இருந்தது. நம் பக்கத்துத் தமிழ், கொஞ்சம் மலையாள இழுப்போடு. கருங்கல்காரன் என்றான். சி.எஸ்.ஐ. சபை என்றான். என் தங்கை ஜெப்சியைக் கட்டிக்கொடுத்திருப்பதும் கருங்கல்தான். அவள் வீட்டுக்காரர் ஜேசுதாஸ் சாரிடம் படித்தவன் என்று தெரிந்தபோது எனக்கு மடியில் ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்தது போல இருந்தது. "சாருக்க மதினியா! அப்போ நீங்க எனக்குச் சொந்த அக்கா மாதிரி," என்றான். பைசாவுக்கு அவசரமில்லை, சாமானைப் பார்த்துவிட்டுத் தந்தால் போதும் என்றும் அவனேதான் சொன்னான். வைக்கும்போது, சபை ஜெபத்தில் எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள் அக்கா என்றான்.

"பாத்தியளா?" என்று ஆபேலிடம் குதித்தேன். "ஆளு நம்ம ஆளு."

மறுநாள் மத்தியானம் அவனே கூப்பிட்டான். வேறொரு பார்ட்டி வண்டியோடு வருகிறார்கள், நம்ம அக்காவுக்குத்தான் தருவேன் என்று வீட்டில் சண்டை போட்டுவிட்டேன், பாதிப் பணம் போட்டால் இப்போதே லாரியில் ஏற்றிவிடுகிறேன் என்றான். ஆபேல் தோட்டத்தில் இருந்தார். அவரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுவோம் என்பார், அதற்குள் மெஷின் போய்விடும் என்று பயந்தேன்.

அவன் தந்த நம்பரைப் போட்டேன். திரையில் டெனிஷ் என்று வரவில்லை. யாரோ ஒரு பெண்ணின் பெயர் வந்தது. கீழே, இவருக்கு நீங்கள் இதற்குமுன் பணம் அனுப்பியதில்லை, தெரிந்தவர்தானா என்று போன் கேட்டது. அவனிடம் கேட்டேன். "லாரி ஆபீஸ் முதலாளிக்க வீட்டுக்காரி அக்கா, கணக்கு அவிய பேர்லதான்," என்றான். ஆமாம் என்பதை அமுக்கினேன். பிரதீஷ் சொன்னதெல்லாம் அந்நியர்களுக்கு. இவன் ஜேசுதாஸ் சாரிடம் படித்த பையன் இல்லையா?

சாயங்காலம் ஜெப்சிக்குப் போன் போட்டுப் பெருமையடித்தேன்.

"ஒங்க ஊரு டெனிஷ்கிட்ட மெஷின் வாங்கியாச்சு கேட்டியா."

"எந்த டெனிஷ்? எங்க சபையிலயே நாலு டெனிஷ் உண்டு."

"சார்கிட்ட படிச்சவன். இப்போ பத்தனாபுரத்துல இருக்கான்."

"அப்படியா? இருக்கும், இருக்கும்," என்றாள்.

அடுத்த நாள் லாரி ரசீதைப் படமெடுத்து அனுப்பினான். எடை, நம்பர், சீல் எல்லாம் இருந்தது. சாமான் ஏறியாச்சு, மீதியையும் போட்டால்தான் கோட்டாறு ஆபீசில் இறக்கித் தருவார்கள், மூன்றாம் நாள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். மீதியையும் போட்டேன். ஒன்றைக் கொடுத்தபிறகு இன்னொன்றைக் கொடுக்காமலிருக்க மனசு வராது. கொடுக்காவிட்டால் முதலில் கொடுத்ததும் போய்விடுமே என்றுதான் தோன்றும்.

ரசீதைக் காட்டித்தான் ஆபேலிடம் விஷயத்தைச் சொன்னேன். மூன்றாம் நாள் டெம்போ பிடித்து, கயிறும் நாலு சாக்கும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கோட்டாறு போனோம். கடைத்தெரு நெரிசலில் லாரி ஆபீசைக் கண்டுபிடிக்கவே அரைமணி நேரம் ஆயிற்று. அங்கிருந்த கணக்கர் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, எதையும் தேடாமல் திருப்பித் தந்தார்.

"இது எங்க ரசீது மாதிரி ஆரோ செஞ்சது அம்மா. இந்த நம்பர கொண்டு வாற மூணாவது ஆளு நீங்க. மத்தவியளும் இப்படித்தான் கயிறு கொண்டுதான் வந்தாவ."

டெனிஷின் போன் அணைந்திருந்தது. டெம்போ டிரைவர் என்னவாயிற்று என்று கேட்டார். "சாமான் நாளைக்குத்தான் வருமாம்," என்று நான் சொன்னேன். அதுதான் முதல் பொய். ஆபேல் கயிற்றையும் சாக்கையும் திரும்ப வண்டியில் தூக்கிப் போட்டார். காலி வண்டியில் அந்தக் கயிறு வீடுவரைக்கும் இங்குமங்கும் உருண்டுகொண்டே வந்தது.

என் போனில் பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகும். வீட்டுக்கு வந்ததும் அந்த முதல் பேச்சைப் போட்டுக் கேட்டேன்.

"தம்பி, சொந்த ஊரு?"

"நம்ம நாடுதான் அக்கா, மார்த்தாண்டம் பக்கம்."

"பக்கம்னா? கருங்கலா?"

"ஆமா, கருங்கல்தான்."

"எந்த சபை? சி.எஸ்.ஐ.யா?"

"சி.எஸ்.ஐ.தான் அக்கா."

"அப்போ ஜேசுதாஸ் வாத்தியார தெரியணுமே? எனக்க தங்கச்சி ஜெப்சிக்க மாப்ள. ஒனக்குப் படிப்பிச்சிருப்பாரே?"

"ஆமா அக்கா, படிப்பிச்சவருதான்!"

கருங்கல் என்று அவன் சொல்லவில்லை, நான் சொன்னேன். சபையை நான் சொன்னேன். வாத்தியாரை நான் சொன்னேன். அவன் பாட்டுக்கு ஆமா போட்டிருக்கிறான். நடுவில் குலசேகரம், ஆபேல், ஜினி, குத்தகை மரம் என்று கேட்காததையும் அள்ளிக் கொட்டியிருக்கிறேன். அவன் என்னிடம் திருடியது பணம் மட்டும்தான். அவனுக்கு ஒரு ஊரையும் சபையையும் சொந்தத்தையும் நானே என் வாயால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆபேலும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் என்னை அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "செரி, விடு," என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

பிரதீஷ்தான் புகார் கொடுக்க வைத்தான். சைபர் நம்பருக்குக் கூப்பிட்டோம், ஸ்டேசனுக்கும் போய் எழுதிக் கொடுத்தோம். அங்கே இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். அனுப்பின உடனே சொல்லியிருந்தால் தடுத்திருக்கலாம், இப்போது பணம் ஆறேழு கணக்கு தாண்டிப் போயிருக்கும் என்றார்கள். நானோ மூன்று நாள் சாக்குத் தைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

மாசக் கடைசியில் கிருஷ்ணமணி அண்ணன் வீட்டு மெஷின் லாரி ஏறிற்று. எங்கள் டிஷ்களில் பால் கட்டி கட்டியாக இறுகிக் கிடந்தது. அந்த நாற்றத்தைச் சகிக்க முடியாது. ஒன்றரை மாசம் கழிவு விலைக்குக் கொடுத்துப் பார்த்தோம். பிறகு மரங்களை வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டு, ஆபேல் பழைய கம்பெனிக்குப் பேசினார். முன்பு வாங்கினதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வரச் சொன்னார்கள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. பிரதீஷிடம், யாரிடமும் மூச்சு விடாதே மக்கா என்று சத்தியம் வாங்கினேன். சபையில் பெண்கள் சங்கத்துக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். ஏமாந்தவள் என்று நாலு பேர் உச்சுக்கொட்டுவதை என்னால் தாங்க முடியாது. இவருக்கு நல்ல வேலை தேடி வந்திருக்கிறது என்றேன். ஜெப்சி ஒருநாள், "அக்கா, மெஷின் எப்படி?" என்று கேட்டாள். "நல்லா ஓடுது," என்றேன்.

ஆபேல் கிளம்புகிற நாள். கார் நாலு மணிக்கு வரும். அவர் முன்னறையில் குத்தவைத்து உட்கார்ந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். கோட்டாறுக்குக் கொண்டுபோன அதே கயிறு. ஜினி அவர் முதுகில் சாய்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். அப்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். ஒரு பெண் குரல், பின்னால் வண்டிச் சத்தம்.

"பூங்கனி அக்காவா? நான் ரெனிஷா, கருங்கல். ஜெப்சி அக்காவுக்க சபைதான். நம்பர் அவிய தந்ததாக்கும்."

"சொல்லு மோளே."

"டெனிஷ் அண்ணன்கிட்ட நாங்களும் மெஷின் வாங்கியாச்சு அக்கா. குலசேகரம் பூங்கனி அக்கா எனக்குச் சொந்தமாக்கும்னு சொன்னாரு. ஆபேல் அண்ணன், ஜினி, எல்லார பத்தியும் சொன்னாரு. ஆனாலும் நான் லேசுல நம்ப மாட்டேன் கேட்டியளா? ஜெப்சி அக்காகிட்ட போய் நேர்ல கேட்டேன். எனக்க அக்கா அங்கதான் வாங்கிச்சு, நல்லா ஓடுதாம்னு சொன்னாவ. அதுக்குப் பொறவுதான் பைசா போட்டேன்."

"முழுசுமா?" என்றேன்.

"முழுசும் திங்களாழ்ச்சயே போட்டாச்சு. இன்னைக்குக் கோட்டாறுல எடுக்கணும். டெம்போல போய்க்கிட்டு இருக்கோம். அதாக்கும் விளிச்சேன். மெஷின் கனம் எவ்வளவு வரும் அக்கா? தூக்க ரெண்டு ஆளு போதுமா?"

ஆபேல் கயிற்றைப் பிடித்தபடியே நிமிர்ந்தார். போனில் இருந்த குரல் அவருக்கும் கேட்டிருக்கிறது.

இனி அவளுக்குச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. கோட்டாறில் அந்தக் கணக்கர் சொல்லிவிடுவார். ஆனாலும் சொன்னேன். ரசீது பொய் என்றேன். மெஷின் எங்களுக்கு வரவே இல்லை என்றேன். போட்ட பணம் இனிக் கிடைக்காது, இருந்தாலும் இப்போதே புகார் கொடு மோளே என்றேன். வண்டிச் சத்தம் நின்றது. யாரோ ஒரு ஆண், என்னாச்சு ரெனிஷா, என்னாச்சு என்று கேட்பது தூரத்தில் கேட்டது.

அவள் மறுபடி போனுக்கு வந்தாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

"அப்போ நல்லா ஓடுதுன்னு ஜெப்சி அக்காகிட்ட ஆரு அக்கா சொன்னா?"

"நான்தான் சொன்னேன்," என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. வெளியே கார் வந்து நின்றது.