இருட்டறையில் சுறாவும் காளானும்

அருங்காட்சியகத்தில் அவரை எல்லாரும் ஜாடிக்காரர் என்றே கூப்பிடுவார்கள். செத்த மீன்களைக் கண்ணாடி ஜாடிகளில் கெடாமல் வைத்திருப்பது அவர் வேலை. அவருடைய தங்கை அதே கட்டடத்தில், உளுத்த மரக்கட்டைகளில் இருட்டில் மினுங்கும் காளான் வளர்த்தாள். அவளுக்கு அங்கே நிரந்தர வேலை இல்லை. இருட்டறையோ ஒன்றுதான். அதில் அண்ணனின் ஒளிரும் சுறா இருப்பதா, தங்கையின் காளான் இருப்பதா என்று இயக்குநர் பத்து மணிக்கு வந்து முடிவு செய்வார். காளான் தோற்றால் தங்கை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சுறா முழங்கை நீளம்தான். ஆழ்கடலில் வயிற்றை ஒளிரவிட்டு, கீழேயிருந்து பார்க்கிற எதிரிக்கு நிழல் தெரியாமல் மறைந்துகொள்ளும். காளான் மினுங்குவது பூச்சிகளைக் கூப்பிட என்பாள் தங்கை. உன் மீன் பயந்தாங்கொள்ளி என்று அவள் சீண்டுவாள். உன் காளான் விளம்பரப் பைத்தியம் என்று அவர் திருப்பிக் கொடுப்பார். வீட்டில் சாப்பிடும்போதும் இதே கூத்துதான்.

அன்று காலை ஆறு மணிக்கு இருட்டறையில், காளான் கட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்த தன் ஜாடியின் லேபிளில் ஈரம் பூத்திருப்பதைப் பார்த்தார். சும்மா இருந்தாரா மனுஷர்? தன் கிடங்கில் தினமும் செய்கிற மாதிரி ஈரம் உறிஞ்சும் மிஷினைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். ஈரம் போனால் காளான் அணைந்துவிடும் என்பது மூளைக்கு எட்டவே இல்லை.

பத்து மணிக்கு விளக்கை அணைத்தார்கள். கட்டைகள் இருந்த பக்கம் கும்மிருட்டு. சுறாவின் வயிறு மட்டும் ஜோராக ஒளிர்ந்தது. இயக்குநருக்கு ஏக சந்தோஷம். சுறாவே இருக்கட்டும், கட்டைகளை எடுத்துவிடலாம் என்றார். தங்கை குனிந்து கட்டைகளைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

 பார்க்க வரும் பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று, சுறாவின் வயிற்றை ஒட்டி ஜாடியின் பின்கண்ணாடியில் ஒளிரும் பெயின்டைத் தடவியது ஜாடிக்காரர்தான். அது பெயின்ட் என்று எழுதி ஒட்டும் வேலையை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டிருந்தார். இப்போது சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் தங்கையின் பிழைப்பு போகும்.

"மேடம், அது பெயின்ட். செத்த மீனுக்கு ஏது வெளிச்சம்? இவ காளான் நேத்து வரைக்கும் நெசமாவே மினுங்குச்சு. மிஷினைப் போட்டுக் கெடுத்தது நான்தான்."

இயக்குநர் விளக்கைப் போடச் சொன்னார். இருபது வருஷம் வேலை பார்த்தவர் செய்கிற காரியமா இது என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ஜாடியை உடனே வெளியே எடுக்கச் சொன்னார். பிறகு தங்கையிடம், இது மறுபடி மினுங்குமா என்றார்.

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மிஷினை எத்தனை மணிக்குப் போட்டே?"

"ஆறு."

"நாலு மணி நேரந்தானே, பொழைச்சுக்கும்," என்றாள். "போய்த் தண்ணி கொண்டா, அண்ணா."

ஜாடியை அப்படியே விட்டுவிட்டு அவர் குழாயடிக்கு ஓடினார்.