கோயில் மேட்டில் ஒரு கடை

பவுனும் அவள் கணவன் ஸ்டீபனும் புனேவுக்கு மேற்கே ஒரு மலைக்கிராமத்தில் இட்லிக் கடை நடத்தினார்கள். போன மழைக்காலத்தில் மலை சரிந்து, கடையையும் ஏழெட்டு வீடுகளையும் மூடிவிட்டது. முன்பும் சரிந்த மலை என்பதால், மண் உதிரத் தொடங்கியதுமே எல்லோரும் கோயில் மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள்.

இருவரும் புனே நகரின் விஷ்ராந்த்வாடியில் இருந்த பவுனின் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இனி அந்த ஊர் இல்லை என்றே நினைத்தார்கள்.

கோடையில், பவுனை 'வஹினி', அதாவது அண்ணி, என்று கூப்பிடும் பழைய பக்கத்து வீட்டுக்காரி சந்தா போன் செய்தாள்.

"வஹினி, மேட்டுல எல்லாருக்கும் புது வீடு கட்டியாச்சு. உங்க கடையும் ரெடி. கதவுக்கு என்ன கலர் அடிக்கலாம்?" என்று மராத்தியில் கேட்டாள்.

பவுன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஏங்க, வருவீங்களான்னுகூடக் கேக்கலை. கதவுக்கு என்ன கலர்னு கேக்குறா!"

"மஞ்சள்னு சொல்லு" என்றுவிட்டு, ஸ்டீபன் உளுந்து வாங்கக் கிளம்பினான்.