உர்சுலா வீட்டுத் தொட்டி

டெரிக் தொட்டியின் அடிப்பக்கம் கையை விட்டுத் தடவி எடுத்தபோது, உள்ளங்கை முழுக்கத் துருச் செதில்.

"இது தேறாதும்மா," என்றான்.

வீட்டைச் சூடாக்கும் எண்ணெயைச் சேர்த்துவைக்கும் தொட்டிகளைச் சோதிப்பது அவன் வேலை. அவன் சான்று இல்லாமல் லாரி வந்து எண்ணெய் ஊற்றாது. எண்ணெய் இல்லாமல் நியூஃபவுண்ட்லாந்தின் அந்தக் கடலோர ஊரில் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது.

மார்செல்லாவுக்கு மானம் போனது. அவள் கணவன் லியாண்டர் முப்பத்தைந்து வருடம் ஊர்த் தொட்டிகளையெல்லாம் பழுது பார்த்து ஓய்ந்தவன்.

"பதினெட்டு வருஷம்தானேப்பா ஆச்சு?"

"வருஷத்துல என்ன இருக்கு? கீழ உர்சுலாம்மா வீட்லயும் இதே வயசுத் தொட்டிதான். புதுப்பொண்ணு மாதிரி இருக்கு. வருஷா வருஷம் துருவச் சுரண்டி, பெயின்ட் அடிச்சு, காலுக்கு மட்டம் பாத்து..." எண்ணெய் ஊற்றக் கூடாது என்ற சிவப்புச் சீட்டைக் குழாயில் கட்டினான். "உங்க வீட்டுக்காரர் கையாச்சே, கேக்கணுமா?"

அவன் வண்டி திரும்பியதும் மார்செல்லா சரிவில் இறங்கி நடந்தாள். உர்சுலா வீட்டுப் பக்கச் சுவரோரம் தொட்டி பச்சையாக மினுங்கியது. குனிந்து அடியில் விரலை ஓட்டினாள். வழவழவென்று இருந்தது.

"யாரு, மார்செல்லாவா? வாடியம்மா!" உர்சுலா கதவைத் திறந்தாள். "தொட்டிய பாத்தியா? காசு குடுத்தா லியாண்டர் வாங்க மாட்டேங்கிறான். டீயும் பன்னும் போதும்பான். அப்புறம் ரெண்டு மணி நேரம் பேச்சு. அடேயப்பா, என்ன வாய் அவனுக்கு!"

"என்ன பேசுவான்?"

"எல்லாந்தான். அவங்கப்பா படகு திரும்பாத அன்னிக்கு இவன் கரையில நின்னது..."

மார்செல்லா அதைக் கேள்விப்பட்டதே இல்லை. அவளிடம் லியாண்டர் பேசுவது வானிலை, உப்பு, தொலைக்காட்சி ரிமோட். ஒவ்வொரு ஜூலையிலும் ஒருநாள் ஏரிக்கு மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வருவான், 'ஒண்ணும் கடிக்கலியா?' என்று அவளும் கேலி செய்திருக்கிறாள். உர்சுலா அழகியாக இருந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அறுபத்தேழு வயது விதவை, ஒரு காது கேட்காது. முழங்கால் வலி என்று சொந்த வீட்டு மாடிப்படி ஏறாதவன் இவள் தொட்டிக்கு அடியில் மண்டியிட்டிருக்கிறான். டீயைக் குடிக்காமல் எழுந்துவிட்டாள்.

லியாண்டர் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

"நம்ம தொட்டி செத்துப்போச்சு. அவளோடது ஜொலிக்குது," என்றாள்.

கத்தி நின்றது. "அவ கேட்டா. நீ எதுவுமே கேட்டதில்லியே."

"மீன் பிடிக்கப் போறேன்னு ஏன் சொன்ன?"

அவன் மறுபடி உரிக்க ஆரம்பித்தான், தோலோடு பாதிக் கிழங்கும் போயிற்று.

அடுத்த வாரம் இரண்டு ஆட்கள் வந்து அடியில் தங்கிய கசடை உறிஞ்சி எடுத்து, பழைய தொட்டியைத் தூக்கிப் போனார்கள். புதியதைச் சிமென்ட் பலகை மேல் நிறுத்தினார்கள். குளிர்காலம் முழுக்க வீடு கதகதப்பாக இருந்தது. இருவரும் ஒரே கட்டிலில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தார்கள்.

ஜூலை பிறந்ததும், லியாண்டர் எழுவதற்கு முன்னால், மார்செல்லா ஒரு டப்பா பச்சைப் பெயின்ட்டோடு சரிவில் இறங்கினாள். உர்சுலாவிடம் ஒரே வரி சொன்னாள்: "இனிமே நான் அடிக்கிறேன்."

உர்சுலா உள்ளே போய் டீயும் பன்னும் கொண்டுவந்து, சுவரோரம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். உட்காருமிடத்தில் பலகை தேய்ந்து குழிந்திருந்தது. மார்செல்லா உட்காரவில்லை. மண்டியிட்டு, தொட்டியின் அடிப்பக்கத்துக்குக் கையை நீட்டினாள். பெயின்ட் மணிக்கட்டு வழியே முழங்கைக்கு ஒழுகியது.

மேலே சாலையில் காலடிச் சத்தம் வந்து நின்றது. தூண்டில் இல்லாமல், கையில் தூரிகையோடு, லியாண்டர். அவள் திரும்பவில்லை. இன்னொரு முறை தூரிகையை முக்கி, ஏற்கெனவே அடித்த இடத்திலேயே மெதுவாக, மறுபடி மறுபடி இழுத்துக்கொண்டிருந்தாள்.