கதவில்லாப் பன்றிகள்

சிங்லானுக்குப் பன்றிக்குட்டி பிடிக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பின்னங்காலைப் பற்றி ஒரே தூக்கு. அது கத்த வாயெடுப்பதற்குள் கொல்லும் ஊசி இறங்கியிருக்கும். பிறகு நுரையீரலைக் கிழியாமல் எடுத்து, மூச்சுக்குழல் வழியாக உப்புநீரை நிரப்பி, மெல்லப் பிசைந்து, நுரைத்து வரும் நீரைக் குடுவையில் வடிப்பாள். எங்களுக்கு வேண்டியது அந்த நீரில் மிதக்கும் செல்கள். நுரையீரலுக்குள் வரும் தூசி, கிருமி எல்லாவற்றையும் விழுங்கித் தீர்க்கும் காவல் செல்கள் அவை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்த வைரஸ்கள் எல்லாம் அந்தக் காவலைத்தான் முதலில் பிடிக்கும்.

நான் அவளுக்கு அடுத்த மேசைக்காரன். என் பெயர் தோவ். அவள் ஹெனான் மாகாணத்தின் தெற்கே பன்றி வளர்க்கும் ஓர் ஊரிலிருந்து வந்தவள். எங்கள் இயக்குநர் பியன் ஷோரென் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "நம்ம பன்னி வீட்டுப் பொண்ணு எங்க?" என்பார். அவர் சிரித்தால் நாங்களும் சிரிக்க வேண்டும். அவளும் சிரிப்பாள்.

பியனுக்குப் பேர் வாங்கித் தந்தது பன்றிகளுக்கு வரும் நீலக்காது நோய். அந்த வைரஸ் காவல் செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போகும். அந்தப் புரதத்தில் ஒரு துண்டு இல்லாமல் போனால் வைரஸ் வெளியிலேயே சுற்றிச் சுற்றி அழிந்துவிடும். பியன் கருவிலேயே மரபணுவைத் திருத்தி, அந்தத் துண்டு இல்லாத பன்றிகளைப் பிறக்க வைத்தார். நீலக்காது அவற்றை ஒன்றும் செய்யவில்லை. கதவில்லாப் பன்றிகள் என்று நாங்கள் பேர் வைத்தோம். எங்கள் ஆராய்ச்சிக் கழகத்தில் தொழுவம் போதாததால் ஒரு கூட்டத்தை வெளியே வளர்க்கக் கொடுக்க வேண்டியிருந்தது. சிங்லானின் அண்ணன் தியேகென் வாங்கிக்கொண்டான். தங்கை படித்த கழகத்துப் பன்றி என்று ஊரெல்லாம் சொல்லி, தன் பழைய தாய்ப்பன்றிகளில் பாதியைக் கழித்துவிட்டு இவற்றுக்கு இடம் செய்தான்.

அந்த வருஷம்தான் வடக்கிலிருந்து புதுக் காய்ச்சல் இறங்கி வந்தது. தொட்ட பண்ணையில் ஒரு பன்றியும் மிஞ்சவில்லை. வளர்ப்பவர்கள் கூட்டத்தில் பியன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "இந்த வைரஸும் அதே செல்லுக்குள்ளதான் போகுது. கதவே இல்லாத வீட்டுக்குள்ள எவன் வருவான்?" என்றார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தியேகென் கைதட்டியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சிங்லான் கைதட்டவில்லை. கூடத்துக்குத் திரும்பியதும் கதவில்லாப் பன்றியின் செல்களையும் சாதாரணப் பன்றியின் செல்களையும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் வைத்து, இரண்டிலும் புது வைரஸை விட்டாள். கொஞ்சம் ரத்தச் சிவப்பணுவையும் சேர்த்தாள். நோய் பிடித்த செல்லைச் சுற்றிச் சிவப்பணுக்கள் பூவிதழ்போல ஒட்டிக்கொள்ளும். மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தோம். இரண்டு தட்டும் பூத்துக் கிடந்தன.

"தோவ், இங்க பாரு. இதுக்குக் கதவே தேவையில்ல" என்றாள். அவள் குரலில் இருந்தது சந்தோஷம். "செல்லு சுத்தி இருக்கற தண்ணியக் குடிக்கும் பாரு, அந்த மடக்கோட சேர்ந்து உள்ள போயிருது. போன பிறகுதான் கொடுமையே. பக்கத்துச் செல்லுக்கு எச்சரிக்கை போகாம வாயைக் கட்டிருது. நோய் பிடிச்ச செல்லு தானாச் சாகணும்ல? அதையும் விடாது. தன் குட்டிங்க எல்லாத்தையும் பெத்து முடிக்கற வரைக்கும் அதை உசுரோட வச்சிருக்கும்."

திங்கள்கிழமைக் கூட்டத்தில், அமைச்சகத்திலிருந்து வந்த இரண்டு பேர் இருக்கும்போதே, அந்தப் படத்தைத் திரையில் போட்டாள். பியனின் அறைக்குள் போய்த் தனியாகச் சொல்லியிருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. எத்தனை வருஷத்துச் சிரிப்பு அதற்குள் இருந்ததோ.

பியன் தேநீர்க் குவளையை மூடி வைத்தார். "தட்டு வேற, பன்னி வேற. இது உனக்கே தெரியணுமே, பன்னிகூடவே வளர்ந்தவ."

"அப்ப பன்னியிலயே பாத்துடலாம் சார்."

"பாரு. ஊசியும் நீயே போடு. நீ புட்டிப்பால் குடுத்து வளத்தியே, அதுங்களுக்கே போடு."

போட்டாள். இறுக்கி மூடிய அறைக்குள், விண்வெளிக்குப் போகிறவர்கள் போல உடுப்பு மாட்டிக்கொண்டு நாங்கள் இருவரும் போனோம். கதவில்லாக் குட்டிகள் அவள் குரல் கேட்டு ஓடிவந்து, காலணியை முகர்ந்து, ரப்பரைக் கடித்து இழுத்தன. அவள் ஒன்றொன்றாகத் தூக்கி ஊசி குத்தினாள். அந்த வாரம் முடிவதற்குள் எல்லாம் படுத்துவிட்டன. காது ஊதா நிறமாயிற்று. மூக்கில் ரத்தம் கட்டியது. முதல் குட்டிக்குக் காய்ச்சல் ஏறியதும் சிங்லான் முகக்கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். கடைசிக் குட்டி சாகும்போது மூலையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

பியன் முடிவை வெளியிடவில்லை. "வைரஸ் அளவு கூடிப்போச்சு, திருப்பிப் பண்ணணும்" என்று கிடப்பில் போட்டார். அன்று சாயங்காலமே சிங்லான் அண்ணனுக்கு போன் போட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அண்ணே, அந்தப் பன்னிங்க நீலக்காதுக்குத்தான் தாங்கும். இந்தக் காய்ச்சலுக்குத் தாங்காது. ஓட்டல் மிச்சம் எதையும் தொட்டியில ஊத்தாத, அதுல கெடக்கற பன்னிக்கறியிலயே வைரஸ் வரும். வெளி வண்டிய உள்ள விடாத."

"உங்க பெரியவரு ஊருக்கு முன்னாடி வேற மாதிரி சொன்னாரே?"

"அவரு சொல்றது பொய்."

"அவருகிட்ட என்ன சண்டை உனக்கு?" தியேகென் சிரித்தது எனக்கே கேட்டது. "சின்னதுலருந்தே உனக்கு நீ சொன்னதுதான் சரியா இருக்கணும். பயப்படாத, உன் பன்னிங்க ராஜா மாதிரி இருக்கு. அதுங்க சாகாத சாதி."

அந்த நம்பிக்கையில்தான் பள்ளிக்கூட உணவகத்தின் எச்சில் வாளிகளை அவன் தொடர்ந்து வாங்கினான். இலையுதிர் காலத்துக் கடைசியில் அவனுடைய பழைய தாய்ப்பன்றி ஒன்று தீனியைத் தொடாமல் படுத்தது. மாவட்டத்திலிருந்து தகவல் வந்தபோது பியன் தாளைச் சிங்லானின் மேசையில் வைத்தார்.

"உங்க ஊருதான். உனக்குத்தான் இந்த வைரஸப் பத்தி எங்க எல்லாரையும்விட நல்லாத் தெரியுமே. நீயே போய்ச் சொல்லிட்டு வா."

நான் வண்டி ஓட்டினேன்.

வீட்டார் தாண்டக் கூடாதென்று வாசலில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். தியேகென் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றான். "வந்துட்டியா? நீ வந்தது நல்லதாப் போச்சு. கெழடு ஒண்ணுதான் படுத்திருக்கு. வயசாயிருச்சு, அவ்வளவுதான். உன் பன்னிங்களப் பாரு, எப்படித் தின்னுதுங்க."

உண்மையிலேயே தின்றுகொண்டுதான் இருந்தன. தொட்டியில் மூக்கை முட்டி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. சிங்லான் கிழட்டுப் பன்றியோடு அவற்றில் இரண்டின் கழுத்திலும் ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள். மாவட்ட அலுவலகத்தின் பின்னறையில், வைரஸ் இருந்தால் கோடு ஏற்றிக் காட்டும் இயந்திரத்தில் வைத்தோம். திரையில் கிழட்டுப் பன்றியின் கோடு முதலில் ஏறியது. பின்னாலேயே கதவில்லாப் பன்றிகள் இரண்டின் கோடும் ஏறியது. வெளியே இன்னும் தெரியவில்லையே தவிர, அவற்றின் காவல் செல்களுக்குள் வேலை நடந்துகொண்டிருந்தது.

திரும்பிப் போனபோது அண்ணியும் வாசலுக்கு வந்திருந்தாள். சுய்ஹே என்று பெயர், நறுக்காகப் பேசுகிறவள். மாவட்ட அதிகாரி தாளைக் கையில் வைத்துக்கொண்டு சிங்லானைப் பார்த்தார். ஒரு பன்றியிலாவது இருந்தால் அங்குள்ள அத்தனையையும் புதைக்க வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும்.

தியேகென் கோட்டைத் தாண்டாமல் அப்படியே மண்டியிட்டான். அவனுக்கு அவளைவிட ஒன்பது வயது அதிகம். "ஒரு தடவை. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. அந்தக் கெழட்ட மட்டும் நானே அடிச்சுப் புதைச்சிடறேன். உன்னப் படிக்க வச்சது இந்தப் பன்னிங்கதான், அதையாவது நெனச்சுப் பாரு."

"அண்ணே, எந்திரி."

"சொல்லும்மா."

"இருக்கு," என்றாள் சிங்லான் அதிகாரியைப் பார்த்து. "மூணுலயும் இருக்கு."

சுய்ஹே சத்தமாகச் சிரித்துவிட்டாள். "கேட்டீங்களா? சாகாத சாதியாம்! வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சவளே வந்து சொல்றா."

தோட்டத்தின் கோடியில் பள்ளம் வெட்டும் இயந்திரம் வந்தது. வெள்ளை உடுப்புக்காரர்கள் பலகைகளைத் தட்டிக்கொண்டு பன்றிகளை விரட்டினார்கள். அவை மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சுவரில் மோதி, திரும்பத் திரும்பத் தொழுவத்துக்குள்ளேயே ஓடின. ஒன்று கால் ஒடிந்து அலறியது. இப்படியே போனால் விடிய விடிய ஆகும் என்று அதிகாரி முணுமுணுத்தார்.

சிங்லான் அண்ணனிடம் போனாள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கே முதலில் புரியவில்லை.

"அண்ணே, தீனி வாளிய எடுத்துக்க. நீ முன்னால நட. உன் பின்னாலதான் வரும்."

தியேகென் அவள் பக்கம் திரும்பினான். "நீ மனுசிதானா?"

"இல்லாட்டி எல்லாத்தையும் அடிச்சு இழுப்பாங்க. இதுல கஷ்டம் கம்மி."

"யாருக்குக் கம்மி?"

அவன் வாளியை எடுத்தான். மக்காச்சோளத்தை வாளிக்குள் குலுக்கினான். அந்தச் சத்தம் கேட்டதும் அலறல் அடங்கியது. பன்றிகள் வரிசைகூடக் கலையாமல், காதுகள் ஆட, அவன் பின்னால் நடந்து தோட்டத்தைக் கடந்தன. முன்னால் வந்தவை கதவில்லாப் பன்றிகள். கைப்பழக்கம் அதிகம் அவற்றுக்கு. சரிவில் இறங்கி, பள்ளத்தின் அடியில் சோளத்தைக் கொட்டிவிட்டு அவன் மட்டும் ஏறி வந்தான். அவை தின்றுகொண்டிருக்கும்போதே மின்கோலோடு ஆட்கள் இறங்கினார்கள். மண் விழுந்து, சுண்ணாம்பு விழுந்து, இயந்திரம் மேலே போய்வந்து சமன் செய்த பிறகும் தியேகென் வாளியைக் கீழே வைக்கவில்லை.

வசந்த காலத்துக்கு முன்பே பியன் பெரிய மாநாட்டில் பேசினார். புதுக் காய்ச்சலுக்குக் கதவை மட்டும் எடுத்தால் போதாது என்பதைத் தம்முடைய குழுவே முதலில் கண்டறிந்ததாகச் சொன்னார். திரையில் சிங்லானின் சிவப்பணுப் பூக்கள். வெளி ஊர்க்காரர்கள் எழுந்து கைதட்டினார்கள். "இதுல கஷ்டமான கள வேலையெல்லாம் நம்ம பன்னி வீட்டுப் பொண்ணுதான் பண்ணிச்சு" என்று கையை நீட்டிக் காட்டினார். அவள் எழுந்து தலைகுனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்தாள்.

புத்தாண்டுக்கு ஊருக்குப் போனாள். போக வேண்டாம் என்று நான் சொன்னேன். "அண்ணன் பொருள் பட்டுவாடா வண்டி ஓட்டுதாம். தொழுவத்த இடிச்சாச்சாம். பாத்துட்டு வந்துடறேன்" என்றாள்.

என்ன நடந்தது என்பதை ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி வந்து அவளே சொன்னாள். வாசலில் காலை வைத்ததும் சுய்ஹே முதுகில் கிருமிநாசினித் தெளிப்பானை மாட்டிக்கொண்டு வந்து நின்றிருக்கிறாள். "எத்தன பண்ணை மிதிச்சுட்டு வர்றியோ. நில்லு அங்கயே" என்று சொல்லி, உறைபனியில் தலையிலிருந்து கால்வரை அடித்திருக்கிறாள். புதுச் சிவப்பு மேலங்கி நனைந்து கால்சட்டைக்குள் ஒழுகியது. பட்டாசு கொளுத்திக்கொண்டிருந்த அக்கம்பக்கத்தார் வேலியோரம் வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்தான்.

உள்ளேயிருந்து தியேகென் குரல் கொடுத்தான்.

"முதுகுப் பக்கம் விட்டுட்ட பாரு."

"நீ என்ன பண்ணின?" என்று கேட்டேன்.

"திரும்பி நின்னேன்," என்றாள். பிறகு இருமிக்கொண்டே அன்றைய குட்டியின் பின்னங்காலைப் பற்றித் தூக்கினாள்.